அடுத்த கட்டிலில் இருந்த ரசிகர்

கல்முனை ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் அவர் கிடந்தார். சாயம் பூசிய மெல்லிய மீசை. யார் அருகில் வந்தாலும், "பழைய நடிகர்மாரில ஆர் உங்களுக்குப் புடிச்சவர்?" என்று கேட்பார். எந்தப் பெயரைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார். அந்த அற்பப் பெருமையைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

சீனி வருத்தத்தால் புண்ணாகி அழுகிய அவருடைய காலை எடுக்க வேண்டும் என்று ஒருநாள் டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மருதமுனையிலிருந்து கஞ்சி கொண்டு வந்திருந்த மனைவி, கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவரோ என்னிடம் திரும்பினார்.

"இதெல்லாம் ஒரு அழுகையா தம்பி? அந்தக் காலத்து நடிகைமார் அழுதா தியேட்டரே அழும்."

"வாய மூடுங்க காக்கா" என்றேன், அண்ணன் முறை வைத்தே.

அவரைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோன பிறகு, வெறும் கட்டிலருகே இருந்த அவர் மனைவியை அக்கா முறையில் ராத்தா என்று அழைத்து, "நீங்களும் அவரோட படம் பாக்கப் போறதா?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி. நான் ஒரு படமும் பாத்ததில்ல. இவர் தனியத்தான் போவார். வந்து எனக்கு நடிச்சுக் காட்டுவார்."

சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்தபடியே சிரித்தார்.

அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் அருவருப்புத்தான். அப்படியொரு சிரிப்புக்கு அவர் எப்படித் தகுதி பெற்றார் என்பதுதான் விளங்கவில்லை.