ஈரத்துணி போட்ட தழும்பு

ஆபரேஷன் முடிந்து விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கியபோது நான் மார்போடு ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். இருமினாலும் தும்மினாலும் தலையணையை அழுத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தையலுக்கு ஆகாது என்று மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பிளாட்பாரத்தில் ஒரு போர்ட்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, தூக்கம் வந்தா வூட்டுல போய்ப் படுக்கக் கூடாதா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலி வந்தது. தும்மலுக்கும் இருமலுக்கும் சொன்னவர்கள் சிரிப்புக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

சிறு வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் போகிற போக்கில் என் இதயத்தின் வால்வு ஒன்றை ஒட்டவைத்துவிட்டுப் போயிருந்தது. இடப்பக்க விலா எலும்புகளுக்கு நடுவே திறந்து, டாக்டர் தன் விரலையே உள்ளே விட்டு அதைப் பிரித்துவிட்டார். அதன் அடையாளமாக இடது மார்புக்குக் கீழே ஆரம்பித்து, அக்குளுக்கு அடியில் வளைந்து, முதுகில் தோள்பட்டை வரைக்கும் ஒரு தையல். உயிர் பிழைத்தது பற்றி எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் வேறு கவலை. பீங்கான் பயிற்சிப் பள்ளியில் அது என் கடைசி வருஷம். மூன்று மாதத்தில் செய்முறைப் பரீட்சை. சக்கரத்தில் ஓர் ஊறுகாய் ஜாடி வனைந்து காட்ட வேண்டும். இடது கை ஜாடிக்குள் முழங்கை வரை போகும். மண் உயர உயரத் தோளும் உயர வேண்டும். என் இடது கையோ தலை வாரக்கூட மேலே போக மறுத்தது. பரீட்சை தவறினால் ஒரு வருஷம் போச்சு.

ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ஏழு வரி, இங்கிலீஷில். வீட்டில் அம்மா, அக்கா, நான் மூன்றே பேர். இங்கிலீஷ் படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அந்தத் தாளுக்கு நானே வக்கீல், நானே ஜட்ஜ்.

"கைய தெனம் செவத்துல விரலால ஏத்தணுமாம், அக்கா. பல்லி மாதிரி."

பீங்கான் கம்பெனியில் கோப்பைகளுக்குப் பூப் போடும் அக்கா, என் விரல் எட்டிய இடத்தில் தன் பென்சிலால் சமையலறைச் சுவரில் முதல் கோடு போட்டாள். கோடு என் மூக்குக்கு நேரே இருந்தது.

"பரவால்லடா. பல்லிக் குட்டி."

நான் தலையணையைத் தேடினேன். உள்ளேயிருந்து அம்மா கத்தினாள்: "அவன சிரிக்க வெக்காதடி! தையல் வுட்டுடும்!" அன்றிலிருந்து அக்காவுக்கு வீட்டுக்குள் ஜோக் அடிக்கத் தடை. அவள் உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு எனக்குக் கஞ்சி எடுத்து வந்து வைப்பாள். அது ஜோக்கைவிட மோசம்.

பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, "எங்க, காட்டு" என்பார்கள். நானும் சளைக்காமல் சட்டையைத் தூக்கி, சிலேட்டில் இதயத்தின் நாலு அறைகளையும் வரைந்து விளக்குவேன். சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த மாமா சிலேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தையலை மட்டும் குனிந்து பார்த்தார்.

"நெல்லு மூட்டைய கோணியூசியால தச்ச மாதிரி இருக்குதுப்பா. ஆனா நம்ம மூட்ட தைக்கிற ஆளு இன்னும் நெருக்கமா தைப்பான்."

தாளின் மூன்றாவது வரியில்தான் என் புத்தி வேலை செய்தது. காயத்தை உலர்வாக வைக்கவும் என்று இருந்தது. சரி, எவ்வளவு வேகத்தில் உலர்த்துவது? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எங்கள் பள்ளியில் முதல் வாரமே தலையில் ஏற்றிவிடுவார்கள்: சுடாத பச்சைப் பாத்திரம் வேகமாகக் காய்ந்தால் விரிசல் விடும். விளிம்பு முந்தும், நடு பிந்தும், இரண்டுக்கும் சண்டை வந்து நடுவே கோடு விழும். அதனால் ஈரச் சாக்கைப் போட்டு மூடி, நாளுக்கு நாள் ஈரத்தைக் குறைத்து, மெதுவாகக் காயவிட வேண்டும். அப்போது நடப்பதோ சித்திரை வெயில். விருத்தாசலத்து வெயிலில் சூளையே தேவையில்லை. என் மார்பில் இருப்பதும் ஒரு விரிசல்தானே? மெட்ராஸ் டாக்டர்களுக்கு இதயம் தெரியும், மண் தெரியாது என்று முடிவு செய்தேன்.

பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து, பிழிந்து, தழும்பின் மேல் போட்டு, அதன் மேல் சட்டை. அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு நாளைக்கு மூன்று தடவை. நோட்டில் குறிப்பும் எழுதினேன். முதல் நாளே அரிப்பு அடங்கி ஜில்லென்று இருந்தது. கொள்கை நிரூபணமாகிவிட்டது! அதுவரை அரிப்புக்கு விசிறிக் காம்பை முதுகில் விட்டுக்கொண்டிருந்தேன். அதை அக்காவிடம் பெருந்தன்மையோடு திருப்பிக் கொடுத்தேன்.

எட்டாம் நாள் அக்கா வேலையிலிருந்து வந்ததும் மூக்கைச் சுளித்தாள்.

"ஏன்டா சட்ட நனஞ்சிருக்குது?"

"வேர்வை."

"எடது பக்கத்துக்கு மட்டும் தனியா வேர்க்குதா?"

சட்டையைத் தூக்கினாள். துணியை எடுத்தாள். என்னைக் கண்ணாடிக்கு முன்னால் திருப்பி நிறுத்தினாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. முதுகுப் பக்கம் தழும்பின் கடைசி முனை ஊறி வெளுத்து, வாய் திறந்து, நீர் கசிந்துகொண்டிருந்தது.

ரிக்‌ஷாவில் ஏற்றி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். கட்டுப் போடுகிற கம்பவுண்டர் முதலில் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

"தம்பி படிச்சவருதான? மூணாவது வரியில என்னா போட்டிருக்குது?"

"உலர்வா வெக்கணும்னு."

"அப்புறம் ஏன் பருப்பு மாதிரி ஊற வெச்சீங்க?"

நான் விளிம்பு, நடு, விரிசல் எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன். அவர் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் வாசல் பக்கம் திரும்பி, "ஆயா, இங்க வாங்க. இந்தத் தம்பி பானையாம்" என்றார்.

ஆயா வந்து பார்த்தார். "சுட்டதா, பச்சையா?" என்று கேட்டார்.

தலையணை வீட்டில் இருந்தது. நான் அக்காவின் கையைப் பிடித்து மார்பில் அழுத்திக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. "பரீட்சைக்குள்ள ஆறிடுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆறும். இவரு கைய வெக்காம இருந்தாரு‍ன்னா" என்றார் கம்பவுண்டர். சுத்தம் செய்து ஊதா மருந்தைத் தடவினார். தினமும் வர வேண்டும், பத்து நாளைக்குக் கையை மேலே தூக்கவே கூடாது என்றார். என்னிடம் இருந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் கத்திரிக்காய் நிறமாயின. அந்த முனை ஆறி மூடியபோது பல்லி சுவரில் நாலு விரற்கடை கீழே இறங்கியிருந்தது. பரீட்சைக்கு ஐந்து வாரம்.

மறுபடி முதலிலிருந்து. காலையில் விரல்களால் சுவர் ஏறுவது. குளித்துத் துவட்டியபின், அடங்கி மூடிய தழும்பின் மேல் தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் தேய்ப்பது. முதுகுப் பக்கம் எனக்கு எட்டாது, அம்மா தேய்ப்பாள். வெயிலில் சட்டை இல்லாமல் நிற்கக் கூடாது. எல்லாம் தாளில் உள்ளபடி. ஆனால் கோடு நகரவே மாட்டேன் என்றது. ஒருநாள் அக்கா வேலைக்குப் போனபின் நானே ஒரு கோடு போட்டேன். சாயங்காலம் அவள் அதை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரே நாள்ல அஞ்சு விரலா? ஏத்து, பாப்போம்."

ஏற்றினேன். அவள் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள்.

"குதிகாலுக்கும் ஆபரேஷன் பண்ணாங்களாடா?"

அதற்குப் பிறகு தினமும் என் இரண்டு பாதங்களின் மேலும் தன் பாதங்களை வைத்து நின்றுகொண்டுதான் கோடு போட்டாள். அவள் கனமான ஆள். கை ஏறாமல் வேறு வழியில்லை.

பரீட்சைக்கு முந்தின வாரம் ஊர் டாக்டர் என்னைக் கை தூக்கச் சொன்னார். காதைத் தாண்டியது. தழும்பை விரலால் நகர்த்திப் பார்த்தார்; தோல் ஒட்டிப் பிடிக்காமல் அசைந்தது. பரீட்சைக்கு உட்காரலாம், மண்ணை வேறு யாராவது பிசைந்து கொடுக்க வேண்டும் என்று கடிதம் கொடுத்தார்.

பரீட்சையன்று சக்கரத்தில் மண் நன்றாகவே எழும்பியது. ஆறு அங்குலம், எட்டு, பத்து. பத்தில் அக்குளுக்கு அடியில் தழும்பு இழுத்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் வேண்டிய பன்னிரண்டு வந்துவிடும். கை நடுங்கினால் ஜாடியும் போகும், தோளும் போகும். கையை வைக்காமல் இருந்தால் ஆறும் என்று கம்பவுண்டர் சொன்னது ஞாபகம் வந்தது. கையை எடுத்துவிட்டேன்.

பிறகு கேள்வித்தாளை எடுத்து, இந்தத் தடவை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் படித்தேன். 'மூடியுடன் பன்னிரண்டு அங்குல உயரமுள்ள ஜாடி' என்று இருந்தது; அப்படியானால் மூடியும் உயரக் கணக்கில் சேர்த்திதான். மூடி வனைய உட்கார்ந்தேன். அதன் மேல் பிடிக்கிற குமிழை மட்டும் இரண்டு அங்குலத்துக்கு வனைந்தேன்.

பரீட்சகர் அளவுகோலை வைத்தார். குமிழின் நுனியில் சரியாகப் பன்னிரண்டு. கேள்வித்தாளைப் பார்த்தார், குமிழைப் பார்த்தார், மறுபடி கேள்வித்தாளைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது மூடியா? பழமலைநாதர் கோயில் கோபுரமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். கை தானாகத் தலையணையைத் தேடி, சேற்றோடு போய் மார்பில் ஒட்டிக்கொண்டது. அழுத்திப் பார்த்தேன். வலிக்கவில்லை. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை சிரித்துப் பார்த்தேன்.

"போட்டிருக்கிறபடி செஞ்சிருக்கிற. சரி, பாஸு" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா என் சட்டையில் காய்ந்திருந்த சேற்றுக் கை அடையாளத்தைப் பார்த்தாள்.

"கடைசியில ஜாடியையும் குதிகால தூக்க வெச்சிட்டியேடா."

"அவன சிரிக்க வெக்காதடி!" என்றாள் அம்மா, அடுப்படியிலிருந்து, பழக்கத்தில்.