டைகரையும் ஜூலியையும் உட்கார வைத்த நாள்

எனக்கு அப்போது பத்து வயது. கிள்ளான் தரைவீட்டை விற்றுவிட்டு பூச்சோங்கில் ஒரு கொண்டோவின் பதினாலாம் மாடிக்குக் குடிபோக மூன்றே நாள்தான் இருந்தது. வீடு முழுக்க அட்டைப்பெட்டிகள். தடுக்கி விழாத ஆளே கிடையாது. அந்தக் களேபரத்தில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, காலையிலேயே வந்து நின்றார்.

“நாய்ங்கள ஜாலான்-ஜாலான் கூட்டிட்டுப் போறேன் பாப்பா, சும்மா நடந்துட்டு வரலாம். நீயும் வரியா?”

அண்ணனைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டைகரும் ஜூலியும் வீட்டில் வேறு யார் பேச்சையும் கேட்காது. அப்பா கத்தினால் வாலை ஆட்டும், அவ்வளவுதான். நான் ‘ஸ்டே’ என்றால் மட்டும், எதிரில் கோழித்துண்டை வைத்தாலும் அசையாது. ஃபோனில் வீடியோ பார்த்து நானே பழக்கியிருந்தேன். அந்த மிதப்பு எனக்குக் கொஞ்சம் அதிகம்.

கிளம்பும்போது அம்மா அறையைவிட்டு வெளியே வரவே இல்லை. அப்பா இரண்டு கழுத்துப்பட்டையிலிருந்தும் நகராட்சி எண் போட்ட லைசன்ஸ் தகட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “தொலைஞ்சிரும் லா” என்றார். நானும் சரிதான் என்று நினைத்தேன், மக்கு.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போனோம். ஈயம் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து ஏரியாகிப்போன இடம், அதன் மேலே ஒரு குன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. நாய்களுக்கோ ஒரே கொண்டாட்டம். டைகர் முன்னால் ஓடுவான், நான் வருகிறேனா என்று நின்று பார்ப்பான், மறுபடி ஓடுவான். உச்சியில் மாமா இரண்டுக்கும் தண்ணீர் கொடுத்துத் தலையைத் தடவினார். நாய் என்றாலே பத்தடி தள்ளி நிற்கிற மனிதர்!

“இப்ப ஸ்டே சொல்லு. நாம கீழ போய் கார்ல ஒளிஞ்சுக்குவோம். எவ்ளோ நேரம் உட்காருதுங்கன்னு பார்ப்போம்.”

சொன்னேன். இரண்டும் உட்கார்ந்தன. சிரித்துக்கொண்டே சரிவில் ஓடிவந்து பின்சீட்டில் குனிந்துகொண்டேன். மாமா இஞ்சினைப் போட்டார். ஏசிக்காக என்று நினைத்தேன். கார் நகர்ந்தது.

பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். இரண்டும் அதே இடத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

“மாமா! நாய்ங்க! நாய்ங்க இன்னும் ஏறல!”

“கொண்டோல நாய் வெக்க விடமாட்டாங்க லா பாப்பா. இங்க நிறைய பேர் ஜாகிங் வராங்க. யாராச்சும் எடுத்துக்குவாங்க. அப்பா அம்மாகிட்ட பேசியாச்சு.”

கதவைத் திறக்கப் பார்த்தேன், பூட்டியிருந்தார். பாவி மனுஷன்! அப்பாவும் அம்மாவும் தெரிந்தேதான் அனுப்பினார்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை.

ஹைவே ஏறியதும் முன்சீட்டைப் பிடித்து உலுக்கினேன்.

“அப்ப எடுத்துக்கறவங்கள ‘கம்’னு சொல்லச் சொல்லுங்க மாமா. நான் ஸ்டே சொல்லிட்டு வந்துட்டேன். யாரும் சொல்லலன்னா எழுந்திருக்காதுங்க.”

மாமா காரை ஓரமாக நிறுத்தினார். திரும்பப் போகிறோம் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு சிக்னல் போட்டு வீட்டுப் பக்கமே ஓட்டினார்.

ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. எல்லோர் மேலும் கோபம், என் மேல் மட்டும் இல்லை. என்னை எதற்காகக் கூட்டிப் போனார் என்று யோசிக்கிற வயதா அது! மாமா தனியாகப் போயிருந்தால், இரண்டும் காருக்குப் பின்னாலேயே ஓடி வந்திருக்கும்.