அந்தோணி அண்ணனின் கைமருந்தும் என் கமர்கட்டும்

அந்தோணி அண்ணன் இன்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக். காலடிப்பேட்டையில் பலருக்கு இன்னும் தெரியாது...

காசிமேட்டிலிருந்து மீன் கூடை ஏற்றி வருகிற ஆட்டோ அவருடையது. மீனை இறக்கி, சீட்டைக் கழுவி, அதில் தன் ஆட்டை உட்காரவைத்து ரயில்வே லைன் ஓரம் மேய்க்கக் கொண்டுபோவார். நீங்கள் ஆட்டோக்காரரா, ஆட்டுக்காரரா என்று நான் கேட்காத நாளில்லை.

ஆட்டின் பெயர் மேடம். பனியும் எண்ணூர்ப் புகையும் கலந்த விடியலில், பின் சீட்டில் அசைபோட்டபடி மிதந்து வரும். தூரத்தில் கிரேன்கள்... எங்கோ கப்பல் ஊதும்... மேடம் மெல்லத் திரும்பிப் பார்க்கும். நான் சல்யூட் அடிப்பேன்.

ஆடுகளுக்குக் குடற்புழு வந்தால் தெருவே அவரிடம்தான் போகும். வேப்பிலை, பாகற்காய், பூண்டு, மிளகு, மஞ்சள், பனைவெல்லம்... மிக்ஸியில் அரைத்து, உருட்டி, உப்பில் புரட்டி நாக்கில் தேய்ப்பார். அளவெல்லாம் கைதான்.

போன வருஷம் மேடத்துக்கே வந்துவிட்டது. (இதில் புழு உண்டு, புழுகு இல்லை.) கண் இமையை இழுத்துப் பார்த்து, "வெளுத்துப் போய் கீதும்மே" என்றார்.

மூன்று நாளுக்கான மருந்தை உருட்டி டப்பாவில் வைத்தார். பார்க்க அச்சு அசல் கமர்கட். என் கை சும்மா இருக்குமா... மாற்றி வைத்துவிட்டேன்.

மேடம் சப்புக்கொட்டிச் சாப்பிட்டது. "இன்னாம்மே, கசப்ப இப்டி துன்னுது?" என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். எனக்கு ஒரே சிரிப்பு.

நான்காம் நாள் மேடம் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் அன்று காசிமேட்டுக்குப் போகவில்லை. அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அளவுல எங்கியோ தப்பு பண்ணிட்டேம்மே" என்றார். சொல்ல வாயெடுத்து, மேடத்துக்குத் தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டேன்.

அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், ஸ்கூல் பையில் ஒளித்திருந்த நிஜ உருண்டையை மேடத்தின் நாக்கில் தேய்த்தேன். என்மேலேயே துப்பியது. மறுபடி தேய்த்தேன். அடுத்த நாளும்... அதற்கடுத்த நாளும்...

ஒரு வாரத்தில் மேடம் பின் சீட்டுக்குத் திரும்பிவிட்டது. "மருந்து சொதப்பியும் தானா பொழச்சிகிச்சு" என்றது தெரு.

அதன்பிறகு யார் ஆட்டைக் கொண்டுவந்தாலும், "வேணாம் நைனா, டாக்டராண்ட இட்னு போ. என் கை சரியில்ல" என்று அனுப்பிவிடுவார். அவர் மறுபடி மருந்து அரைத்து நான் பார்க்கவே இல்லை.

ஒரு வருஷம்... தினமும் சொல்லப் போவேன். ஏதாவது ஒரு ஜோக் சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

தெருக்காரர்களே, டப்பாவில் கமர்கட் வைத்தது நான். அண்ணனின் அளவு தப்பவே இல்லை. மேடம் பிழைத்தது அவர் மருந்தில்தான்.

பார்த்துப் போங்கண்ணா.