சவுனாவில் காயவைத்த டேங்க்

ஆர்வித் கொர்ப்பி பிடித்த முயலுக்கு மூன்றே கால். சுப்பீரியர் ஏரியின் தென்கரையில், தாமிரச் சுரங்கங்கள் மூடிக்கிடக்கும் எங்கள் ஊரில், அவனைவிடப் பெரிய பிடிவாதக்காரனைக் காட்டுங்கள், என் மீசையை எடுத்துவிடுகிறேன். 'போகாதே' என்று சொன்னால் போதும், போய்விட்டுத்தான் மறுவேலை. சுரங்கம் ஓடிய காலத்தில் மேஸ்திரி ஒருநாள் "அந்தப் பக்கம் போகாதே" என்று கத்தினார். போனான். இடது கையில் இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு வந்தான்.

அவன் பெண்டாட்டி லெம்பிக்கு இதெல்லாம் மனப்பாடம். சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், கடைசியில் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கக் கற்றுக்கொண்டாள். ஆனால் பொய் மட்டும் சொன்னதில்லை. அவள் வாயில் அது வராது.

ஈரமானது எதுவானாலும் ஆர்வித்துக்குச் சவுனாவில்தான் காய வேண்டும். எங்கள் ஊரில் சவுனா இல்லாத கொல்லை ஏது? மரத்தால் கட்டிய வியர்வைக் குளியல் குடில், உள்ளே படிப்படியாகப் பலகை, மூலையில் கல் அடுக்கிய இரும்பு அடுப்பு. சனிக்கிழமை குளியல். மற்ற நாளெல்லாம் ஆர்வித்தின் பூட்ஸும் மீன்வலையும் அதில் காயும். ஒருமுறை ஏரியில் விழுந்த ரேடியோவைக்கூட மேல்பலகையில் உட்காரவைத்தான், மனுஷன்! அடுப்பின் தகட்டில் ஒரு விரிசல் இருந்தது. அதன் வழியே உள்ளே எரியும் தீ தெரியும். "அதை அடைச்சிடு" என்று லெம்பி சொல்லிவிட்டாள். சொன்னதாலேயே அது அடைபடவில்லை.

அந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. மோட்டார் சைக்கிளைக் கொட்டகையில் தள்ளும் அவசரத்தில் டேங்க்கில் பெட்ரோலை நிரப்பாமல் விட்டுவிட்டான். பாதி காலியான டேங்க் குளிர்காலம் முழுக்க வியர்த்து, வசந்தத்தில் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே செந்துரு. வெளியே சிவப்புப் பெயின்ட் பளபளக்க, உள்ளே புற்று. கல்யாணத்தன்று லெம்பியைப் பின்னால் உட்காரவைத்து ஏரிக்கரை வரை ஓட்டிய வண்டி அது. விடுவானா?

டேங்க் நிறைய வினிகரை ஊற்றிச் சமையலறையில் ஊறவைத்தான். வீடே நாறியது. பிறகு பழைய சங்கிலித் துண்டை உள்ளே போட்டு, டேங்க்கைப் போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக் குலுக்கினான். கொட்டியதெல்லாம் சிவப்புக் குழம்பாக வந்தது. தண்ணீரில் அலசினால் பழையபடி செந்துரு பூத்துவிடும். மறுபடி வினிகர், மறுபடி சங்கிலி.

லெம்பியின் தம்பி ஒனி வந்து பார்த்துச் சிரித்தான்.

"என்ன ஆர்வித், ஊறுகாயா போடுற?"

"வாயை மூடு. காயுறதுக்குள்ள துரு ஏறிடுது."

"அலசினதும் பெட்ரோல் ஊத்தி ஒரு குலுக்கு குலுக்கு. தண்ணி ஓடிடும். இதுகூடத் தெரியாதா?"

"எனக்கு நீ சொல்லித் தர்றியா?" என்றான் ஆர்வித். ஆனால் காதில் வாங்கிக்கொண்டான். அதுதான் வினை.

சனிக்கிழமை காற்றே இல்லை. வீட்டுப் புகை மேலே ஏறாமல் கூரைமேலேயே படுத்துக் கிடந்தது. ஒனி குடும்பத்தோடு குளிக்க வருகிறான் என்று லெம்பி வழக்கத்தைவிட முன்னாலேயே சவுனாவுக்குப் போனாள். அடுப்புக்கு உடை மாற்றும் முன்னறையிலிருந்தே விறகு போடலாம், உள்ளே போக வேண்டியதில்லை. சளியில் மூக்கு வேறு அடைத்திருந்தது. கூடவே ஓடிவரும் நாய் மட்டும் வாசலுக்கு வெளியிலேயே நின்று முனகியது. "உனக்கு என்னடா கேடு?" என்று அதட்டிவிட்டுத் தீ மூட்டினாள். தீ பிடித்ததும் இரண்டு கட்டையைத் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

ஆர்வித் ஏரியிலிருந்து திரும்பிக் காப்பிக்கு உட்கார்ந்தான். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"டேங்க் உள்ளே கண்ணாடி மாதிரி ஆயிடுச்சு லெம்பி. பெட்ரோல் ஊத்திக் குலுக்கினேன். மறுபடி துரு ஏறக் கூடாதுன்னு ஒரு குவளை உள்ளேயே விட்டு, மூடியைத் திறந்து மேல்பலகையில வச்சிருக்கேன். நேத்து பூட்ஸ் காயவச்ச சூடு இன்னும் இருக்கு. சாயங்காலம் நீ பத்தவைக்கிறதுக்குள்ள எடுத்துடுவேன்."

அடுப்புத் தகட்டின் விரிசல் லெம்பியின் கண்முன் வந்தது. கையிலிருந்த காப்பிக் கூஜாவை மேஜைமேல் வைத்தாள். அவள் கண் போன பக்கம் ஆர்வித்தும் பார்த்தான். சன்னலுக்கு வெளியே சவுனாவின் புகைபோக்கியில் புகை.

"ஐயோ, டேங்க்!" என்று எழுந்து ஓடினான்.

லெம்பி பின்னால் ஓடினாள். அவன் முற்றத்தில் இன்னும் கரையாத பனியில் பாதி தூரம் போய்விட்டான். 'போகாதே' என்ற சொல் தொண்டை வரை வந்தது. அதை விழுங்கினாள். அந்தச் சொல்லுக்கு அவன் இரண்டு விரலைக் கொடுத்தவன்.

"டேங்க்கை நான் எடுத்துட்டேன்!" என்று கத்தினாள். "நிலவறையில இருக்கு!"

ஆர்வித் நின்றான். திரும்பினான். முகம் சிவந்துவிட்டது. "என் சாமானைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? கீழே போட்டியா? நசுங்கியிருந்துச்சோ, அப்புறம் இருக்கு உனக்கு!"

"போய்ப் பாரு."

திட்டிக்கொண்டே வந்தான். நாயும் அவனோடு உள்ளே ஓடி வந்தது. அவன் நிலவறைப் படியில் இறங்கியதும் லெம்பி கொல்லைக் கதவைச் சாத்தித் தாழிட்டு, தானும் பின்னாலேயே இறங்கினாள். கடவுளே, ஒன்றும் ஆகாமல் போகட்டும், நான் பொய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தாள்.

"எங்க வச்ச? காணோமே!" என்றான் ஆர்வித் இருட்டில்.

வீடு குலுங்கியது. மேலே சமையலறைச் சன்னல்கள் அத்தனையும் உடைந்து விழும் சத்தம் கேட்டது. அலமாரியிலிருந்த பாட்டில்கள் உருண்டன. பிறகு கூரைமேல் பலகைகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

இருவரும் மேலே வந்தார்கள். சவுனா இருந்த இடத்தில் அடுப்பு மட்டும் கரிந்து நின்றது. ஆர்வித் உடைந்த சன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எடுத்துட்டேன்னு சொன்னியே" என்றான்.

லெம்பி அழுதுகொண்டிருந்தாள். "போகாதேன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பியா?"

ஆர்வித் மூன்று விரல் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"மாட்டேன்" என்றான்.