வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்த மட்டை

"…பொம்பளப் புள்ள புடிக்கற மட்டைக்கு வெள்ளிக்கெழமதான கண்ணு எண்ணெ வெக்கோணும்? சனிக்கெழமை ஆம்பளைங்களுக்கு!" என்று பால்கனியிலிருந்து சொல்லி முடித்தார் அத்தை, என் மாமியார்.

ஓடிப்போய்ப் பார்த்தேன். அவர் மடியில் என் புது கிரிக்கெட் மட்டை, பிறந்த குழந்தை மாதிரி குப்புறக் கிடந்தது. முதுகு, நெஞ்சு, கைப்பிடி, எங்கும் நல்லெண்ணெய் வழிந்தது. பக்கத்துச் சொம்பில் சீயக்காய் கரைத்துத் தயாராக இருந்தது. நல்லவேளை, குளிப்பாட்ட ஆரம்பிக்கவில்லை.

குற்றம் என்று சொன்னால் அது என் வாயினுடையது. "புது பேட்டுக்கு இன்னும் எண்ணெய் வைக்கலை, நேரமே கிடைக்கலை" என்று போனில் தோழியிடம் புலம்பியிருந்தேன். அதற்கு ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு, பேருக்குத் தடவினால் போதும். கோயம்புத்தூரிலிருந்து வந்த அத்தைக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? மருமகளுக்கு நேரமில்லையே என்று பாதிக் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டார்.

"இந்த எண்ணெ ஆகாதா கண்ணு? போச்சாது போ, கடலமாவு போட்டுத் தொடச்சுப் போடலாம்!"

துடைத்தோம். கைப்பிடி ரப்பரையும் மாற்றினேன். மரம் குடித்த எண்ணெயை என்ன செய்ய? பழைய மட்டை போன வாரம்தான் விரிசல் விட்டிருந்தது. மறுநாள் தேர்வு ஆட்டம். இதுதான் கதி.

நான் மாநிலப் பெண்கள் அணியின் ஆல்ரவுண்டர். இந்த மராத்தி ஊரில், கோர்படி ரயில்வே காலனியில் பையன்களோடு ஆடிக் கற்ற ஆட்டம்; எழுதும் தமிழும் அப்படியே, நானாகப் பொறுக்கியது. என் வேலைக்கு வீட்டுக்காரர் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்: "ரன் அடிக்கலேன்னா ஒரு திட்டு, விக்கெட் எடுக்கலேன்னா ஒரு திட்டு. டபுள் ஷிப்ட்டு, சிங்கிள் சம்பளம்." விமான் நகர் ஆபீஸ்காரர், அவருக்குத் தெரிந்த கணக்கு அது.

அந்த வருஷம் என் மட்டை ஊமையாகிக் கிடந்தது. கோச் வியாழக்கிழமையே சொல்லிவிட்டார்: "பந்து போட என்கிட்ட ஆள் இருக்கு. சனிக்கிழமை ரன் அடிச்சா இந்த சீசன் டீம்ல இருப்பே. இல்லேன்னா கிளம்பு." இந்தியில் இன்னும் கொஞ்சம் காரமாக இருந்தது.

பிம்ப்ரி மைதானத்துக்கு அத்தையும் வந்தார். பையில் எனக்கு இட்லி, பொடி, பொடிக்குக் குழைக்க ஒரு சின்ன பாட்டில் நல்லெண்ணெய். பந்துவீச்சில் இரண்டு விக்கெட் எடுத்தேன். கோச் கொட்டாவி விட்டார். அதற்கு ஆள் இருக்கிறதே!

நான் மட்டையோடு இறங்கியபோது ஐந்து ஓவரில் முப்பது ரன் வேண்டியிருந்தது. முதல் பந்துக்கு மட்டையை வீசு வீசென்று வீசினேன். தொப்! அரிசி மூட்டையில் குத்தின சத்தம். பந்து எல்லைக்கோட்டுக்குப் போகவில்லை. இரண்டு எட்டு உருண்டு, களைத்துப்போய் படுத்துக்கொண்டது. முடிந்தது என் கதை என்று நின்றேன்.

"பள, தாயி, பள!" என்று எதிர்முனையிலிருந்து ஒரு கூச்சல். என்னோடு ஆடிய கோல்ஹாபூர்ப் பெண், 'ஓடு அக்கா, ஓடு' என்று கத்தியபடி ஏற்கெனவே பாதி தூரம் வந்துவிட்டாள். ஓடினேன். படுத்த பந்துக்கு அருகில் யாருமே இல்லை! ஆட்கள் எல்லாம் நான் தூக்கி அடிப்பேன் என்று தூரத்தில் நின்றார்கள்.

அப்புறம் ஒரே கூத்து. வேகமாக வந்த பந்தெல்லாம் என் மட்டையைத் தொட்டதும் மத்தியானத் தூக்கம் போட்டது. தொப், ஓடு. தொப், ஓடு. கீப்பர் பாய்ந்து வந்தாள், பந்து அவள் விரலிலிருந்து வழுக்கி ஓடியது, இன்னொரு ரன். அவர்கள் கேப்டன் புகார் செய்ய, அம்பயர் பந்தை முகர்ந்தார். மட்டையை முகர்ந்தார். மராத்தியில் கேட்டார், "இது மட்டையா, தாளிப்பா?" துண்டு வரவழைத்து இரண்டையும் துடைக்க வைத்து, ஆடச் சொன்னார். இப்போது எல்லோரும் என்னைச் சுற்றிக் கிட்டே வந்து குந்தினார்கள். உள்ள பலத்தையெல்லாம் கூட்டி அவர்கள் தலைக்கு மேல் ஒரு தூக்கு. நொண்டி நொண்டி எல்லையைத் தாண்டியது பந்து. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. கடைசி ரன்னை இடுப்பைப் பிடித்துக்கொண்டே ஓடினேன்.

கோச் வந்தார். மட்டையைத் தூக்கிப் பார்த்தார், முகம் சுளித்தார், சிரித்தார். "டீம்ல இருக்கே. பந்து, பேட் ரெண்டும். இதை மட்டும் தூரப் போடு."

"என்ன சொல்றாரு அம்மிணி?" என்றார் அத்தை. சொன்னேன்.

அத்தை பையிலிருந்து எண்ணெய் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். வேலியோரம் மட்டைகளைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்த பெண்கள் அலறியடித்துக்கொண்டு அவரவர் மட்டையைக் கட்டிக்கொண்டார்கள்.

"உங்க மட்டை யாருக்கு வேணும்!" என்று அவர்களை அதட்டிவிட்டு அத்தை என் பக்கம் திரும்பினார். "கண்ணு, நீ வந்து உக்காரு."

"இன்னிக்குச் சனிக்கிழமைங்க அத்தை!"

"ரெண்டு வேலையும் பாக்கறவளுக்கு ரெண்டு கெழமையும் ஆவும்," என்று சொல்லி, மிச்ச எண்ணெய் முழுவதையும் உள்ளங்கையில் கவிழ்த்து, பளாரென்று என் உச்சந்தலையில் வைத்தார்.