ஃபார்மட் வேண்டாம், நஸ்ரீன்

போன சனிக்கிழமை காலை, கீழ் வீட்டு நஸ்ரீன் வந்து கதவைத் தட்டினார்.

"அண்ணா, கம்ப்யூட்டர்ல எல்லாமே குண்டாயிடுச்சு. கொஞ்சம் வர்றீங்களா?"

செம்பாக்கத்தில் எங்கள் அபார்ட்மென்ட்டில், வீட்டிலிருந்தே கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறவர் நஸ்ரீன். லினக்ஸ் கம்ப்யூட்டர். கணவர் பஷீருக்கு சிறுசேரியில் வேலை. முந்தின நாள்தான் அவர் கம்ப்யூட்டரில் வேறு கிராஃபிக்ஸ் கார்டு மாட்டியிருக்கிறார்.

போய்ப் பார்த்தேன். டிசைனில் இருந்த மோதிரம் கோழிமுட்டையாகியிருந்தது. எழுத்துகள் பூதாகாரம். பத்திரிகையில் கால்வாசிதான் திரைக்குள் அடங்கியது. கேளம்பாக்கத்திலிருந்து பெண் வீட்டார் வேறு கிளம்பிவிட்டார்கள் — டிசைனை நேரில் பார்த்து ஓகே சொல்ல.

பஷீர் போனில் இருந்தார். "ஃபார்மட் பண்ணிடலாம்ணா. சாயந்தரம் வந்து நானே பண்றேன்."

நஸ்ரீன் முகம் வாடிவிட்டது. வருஷக்கணக்காகச் சேர்த்த ஃபான்ட்டுகள், டிசைன்கள்... பேக்கப்? அதை மட்டும் கேட்காதீர்கள்.

"ஃபார்மட் வேண்டாம், நஸ்ரீன். கொஞ்சம் நகருங்க" என்று உட்கார்ந்தேன்.

தலைவலி என்று போனால் தலையையே மாற்றச் சொல்கிற வைத்தியம் நம் ஊரில் ரொம்பப் பிரபலம். எங்கே வலிக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்?

செட்டிங்ஸில் ஒரே ஒரு ரெசல்யூஷன்தான் இருந்தது. மாற்ற வழியில்லை. கார்டைக் கம்ப்யூட்டர் அடையாளம் கண்டிருந்தது. அதை இயக்குகிற டிரைவர் மென்பொருள் மட்டும் ஓடவில்லை. ஏன்? பூட் ஆகும்போது போகிற கட்டளை வரியைத் திறந்தேன். கடைசியில் ஒரு வார்த்தை — 'நோமோட்செட்'.

"பஷீர், கார்டு மாட்டினதும் ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சா?"

"ஆமாண்ணா. நெட்ல பார்த்து ஏதோ ஒரு வார்த்தை சேர்த்தேன், சரியாச்சு. அப்புறம்தான் டிரைவர் போட்டேன்."

"அந்த வார்த்தைய எடுத்தீங்களா?"

"எடுக்கணுமா?"

திரை விஷயத்தில் கை வைக்காதே என்று டிரைவருக்குச் சொல்கிற வார்த்தை அது. ஆபத்துக்குப் போட்ட கட்டு. டிரைவர் வந்ததும் அவிழ்த்திருக்க வேண்டும். எடுத்தேன், பூட் மெனுவை அப்டேட் செய்தேன், ரீஸ்டார்ட் கொடுத்தேன். பத்திரிகை முழுசாக, பளிச்சென்று வந்தது. நஸ்ரீன் பெருமூச்சு விட்டார்.

சற்று நேரத்தில் பெண் ஜெனிஃபரும் அவள் அப்பாவும் வந்தார்கள். ஜெனிஃபர் திரையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"அக்கா, எங்கம்மா பேரு இல்லையே?"

நஸ்ரீன் ஜெனிஃபரின் அப்பாவைப் பார்த்தார். மேட்டர் எழுதிக் கொடுத்தது அவர்தான்.

"அம்மா தவறிட்டாங்க இல்லம்மா..." என்றார் அவர். "நல்ல காரியத்துல வேணாம்னு பெரியவங்க சொன்னாங்க."

"எனக்கு வேணும்ப்பா."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். நஸ்ரீன் கீபோர்டில் கை வைத்தபடி காத்திருந்தார்.

"ஸ்டெல்லா மேரி" என்றார் அப்பா, கடைசியில். "என் பேருக்குப் பக்கத்துல போடுங்கம்மா."

போட்டார். இருவரும் பார்த்தார்கள், ஓகே சொன்னார்கள், கிளம்பினார்கள். வாசலில் செருப்பை மாட்டிய அப்பா, கழற்றிவிட்டுத் திரும்ப உள்ளே வந்தார்.

"பக்கத்துல வேணாம்மா. அவ பேரு என் பேருக்கு முன்னாடி வரட்டும்."

எனக்கு அங்கே இனி வேலை இல்லை... மாடிப்படி ஏறிவிட்டேன்.