கன்னி மூலைப் பள்ளம்

அந்தப் பள்ளத்தைத் தோண்டுவதற்கான தீர்மானத்தை எழுதியவள் நான்தான். சங்கத்து நோட்டில் அது என் கையெழுத்தில் இன்னும் இருக்கிறது. ‘தாங்கலை ஆழப்படுத்துவது என்று ஏகமனதாக முடிவு செய்யப்பட்டது.’ ஏகமனதாக என்பது உண்மைதான். அன்று ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.

காஞ்சிபுரத்திலிருந்து ஓரிக்கைக்குப் போகும் வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் நகர். வயலை மனை போட்டு விற்ற இடம். ஊருக்குள் நெசவுத் தெருக்களில் வீடு போதாமல் வந்தவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். நானும் அப்படி வந்தவள். பட்டுப் புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது என் தொழில். வீட்டிலேயே செய்யும் வேலை. “நீங்கதாம்மா எப்பவும் வீட்ல இருக்கீங்க” என்று சொல்லியே என்னை நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளராக ஆக்கிவிட்டார்கள். தலைவர் என் எதிர்வீட்டுக்காரர், அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் ஆட்டோ பிடிப்பவர் அவர்தான்.

நகரின் வடக்கு எல்லையில் அந்தத் தாங்கல் இருக்கிறது. சின்ன ஏரி என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல மழைக்காலத்தில்கூட நடுவில் இடுப்பளவு தண்ணீர்தான் நிற்கும். எதிர்க்கரையில் ஒரு காலனி. அங்கே இருக்கும் எலக்ட்ரீஷியன் தம்பிதான் எங்கள் நகரில் எல்லா வீட்டுக்கும் ஒயரிங் செய்தவர். காலனி சர்ச்சுக்கு கிறிஸ்துமஸ் சீரியல் லைட் கட்டுவதும், எங்கள் பிள்ளையார் பந்தலுக்கு மைக் செட் போடுவதும் அவரே.

ஒரு சித்திரை மாதம், தாங்கலைச் சுத்தம் செய்யலாம் என்று நான் சொன்னேன். ஞாயிறுதோறும் காலையில் முப்பது பேர் சேர்ந்துவிடுவோம். வங்கியில் வேலை பார்ப்பவர், டீச்சர், தறி நெய்பவர் என்று எல்லோரும் மண்வெட்டி பிடித்தோம். சீமைக் கருவேல முள் கிழித்த கையோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். ஆறு ஞாயிறு போயும் ஒரு மூலைதான் சுத்தமானது. அப்போதுதான் தலைவருக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டர் வந்தார். பொக்லைன் கொண்டுவந்து ஆழப்படுத்தித் தருகிறேன், கூலி வேண்டாம், தோண்டுகிற சவுடு மண்ணை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

“நமக்கும் நல்லது, அவருக்கும் நல்லதும்மா. எழுதிக்கோங்க” என்றார் தலைவர். எழுதிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும், எங்கள் கண் எதிரில், நாலடி ஆழம் என்பது பேச்சு. வண்டி திங்கட்கிழமையும் வந்தது. செவ்வாயும் வந்தது. எல்லோரும் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் லாரிகள் எங்கள் தெரு வழியாகப் போயின. என் மேசையில் தண்ணீர் டம்ளர் அதிர்வதைப் பார்த்துக்கொண்டே நான் அன்னப்பட்சி பார்டர் போட்டுக்கொண்டிருந்தேன். எழுந்து போய்ப் பார்த்திருக்கலாம். நல்ல காரியம் நடக்கிறது, வேகமாக நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

எலக்ட்ரீஷியன் தம்பிதான் வந்து கூப்பிட்டார். “அக்கா, ஒருவாட்டி வந்து பாருங்க. அவங்க ஏரி தூர் வாரல. ஒரே எடத்துல கெணறு மாரி எறக்கிக்கினு இருக்காங்க.”

தலைவரையும் தெருவில் இருந்த நாலைந்து பேரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். தாங்கலின் தென்மேற்கு மூலையில், எங்கள் தெரு முடிகிற இடத்துக்கு நேர் எதிரே, கரையிலிருந்து ஆறேழு அடி நடந்தால் தரை சட்டென்று முடிந்தது. கீழே மூன்று ஆள் ஆழம். சரிவு கிடையாது. கத்தியால் கேக் வெட்டிய மாதிரி நின்றது மண். அடியில் பழுப்பாகக் கொஞ்சம் ஊற்றுநீர் தேங்கியிருந்தது. நாங்கள் நின்ற விளிம்பிலிருந்து ஒரு கட்டி பெயர்ந்து விழுந்தது. சத்தம் கேட்க ஒரு கணம் ஆயிற்று.

“கன்னி மூலையில பள்ளம் எடுத்தா குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க” என்றாள் பின்னால் நின்ற ஒரு பெண். தலைவர் சிரித்தார். “அது வீட்டுக்கும்மா. ஏரிக்கு எந்த மூலையா இருந்தா என்ன?”

மறுநாள் வண்டி வரவில்லை. கான்ட்ராக்டரின் போன் அணைந்து கிடந்தது. பள்ளத்தைச் சரிவாக்கித் தரச் சொல்லலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஆடி மழை பிடித்துக்கொண்டது. நாலே நாளில் பள்ளம் நிரம்பி, தாங்கலும் நிரம்பி, எல்லாம் ஒரே தண்ணீர் ஆகிவிட்டது. மேலே பச்சையாக, அசையாமல், கண்ணாடி போட்ட மாதிரி இருந்தது. எங்கே முழங்கால் ஆழம், எங்கே மூன்று ஆள் ஆழம் என்று பார்த்துச் சொல்லவே முடியாது. “எவ்ளோ அழகா இருக்கு” என்று சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. நானும் பூங்கொத்து அனுப்பினேன்.

அடுத்த வாரம் காலனியில் ஒரு கன்றுக்குட்டி காணாமல் போனது. மூன்றாம் நாள் அந்த மூலையில் மிதந்து வந்தது.

அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. கடைத்தெருவுக்குப் போய் நைலான் கயிறு வாங்கிவந்தேன். எலக்ட்ரீஷியன் தம்பி தொடையளவு தண்ணீரில் நின்று, ஒரு கொம்பால் தொட்டுத் தொட்டு விளிம்பைக் கண்டுபிடித்து, நாலு சவுக்குக் கட்டைகளை அடித்தார். கயிற்றைச் சுற்றிக் கட்டி, சிவப்புத் துணி தொங்கவிட்டோம்.

“அக்கா, இது தெரிஞ்சவங்களுக்குத்தான். தெரியாதவங்க, கயிறுன்னா துணி காயப்போடன்னு நெனைப்பாங்க” என்றார். பலகை எழுதி வைக்கலாம் என்றேன். தலைவரிடமும் சொன்னேன். “பிள்ளையார் சதுர்த்தி வருது. ஆபத்துன்னு போர்டு வெச்சா ஜனங்க பயந்துக்கும். முடியட்டும்மா” என்றார்.

சதுர்த்தி விசர்ஜனத்தன்று நான் சாப்பிடவில்லை. பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு இருபது பேர் தண்ணீரில் இறங்கினார்கள். மேளம் காதைப் பிளந்தது. நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று “அந்தப் பக்கம் போங்க, அந்தப் பக்கம்” என்று கத்தி, தொண்டை கட்டிக்கொண்டது. ஒன்றும் ஆகவில்லை. பிள்ளையார் கரைந்தார், எல்லோரும் ஈரத்தோடு வீட்டுக்குப் போய் சுண்டல் சாப்பிட்டார்கள். “செயலாளர் அம்மா போலீஸ் மாதிரி நின்னாங்க” என்று சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. இவ்வளவு பயந்தோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. இன்று யோசித்தால், அந்த நல்லபடியாக முடிந்த நாள்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை எங்கள் நகரில் பெருமாளுக்குத் தளிகை போட்டு அன்னதானம் செய்வோம். தெரு முடிகிற இடத்தில், தாங்கல் கரையை ஒட்டி ஷாமியானா போட்டோம். அந்த மாதம்தான் அரக்கோணம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் எங்கள் தெருவுக்கு வாடகைக்கு வந்திருந்தது. கணவன் ஒரகடம் பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மனைவிக்கு முப்பது வயது இருக்கும். யாரையும் தெரியாமல் வாசலில் நின்றுகொண்டிருப்பாள். “நீயும் வாம்மா, நாலு பேர் பழக்கம் ஆகும்” என்று நான்தான் போய்க் கூப்பிட்டேன். காலை ஐந்து மணிக்கே வந்துவிட்டாள். புளியோதரைக்கு எள் வறுத்தாள், வாழை இலை துடைத்தாள், எல்லோரையும் அக்கா அக்கா என்று கூப்பிட்டாள். வந்து இத்தனை நாளில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

ஒன்பது மணிக்குக் காற்று கிளம்பி ஷாமியானாவின் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. இழுத்துக் கட்டக் கயிறு போதவில்லை. சமையல்காரர் கத்துகிறார், அடுப்பில் எண்ணெய் இருக்கிறது. நான் சுற்றிலும் பார்த்தேன். தாங்கலில் கயிறு இருந்தது. கரைப்பக்கத்துக் கட்டையிலிருந்து அவிழ்த்து இழுத்தேன். மொத்தமும் வந்துவிட்டது, சிவப்புத் துணியோடு. ஒரு நாள்தானே, சாயங்காலம் திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

பந்தி முடியும்போது மணி இரண்டு. அன்று மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்தே கரண்ட் இல்லை. மோட்டார் ஓடாததால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. வாடகை அண்டாக்களைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வேண்டும். “ஏரியிலதான் தண்ணி இருக்குதே” என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் நாலு பேர் பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டு கரைக்குப் போனார்கள். அவளும் போனாள். நான் மீந்த சாதத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த மூலையை நான் மறந்தே போயிருந்தேன்.

கரையில் இருந்தவர்கள் பிறகு சொன்னது இது. பெரிய அலுமினிய அண்டாவை அவள் தேய்த்து அலசும்போது, காற்றில் அது கையை விட்டு நழுவி மிதந்து போயிருக்கிறது. நாலடி தூரம்தான். “இருங்கக்கா, நான் எடுத்தாறேன்” என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. மற்றவர்களுக்குப் பள்ளம் நினைவுக்கு வருவதற்குள் இன்னும் இரண்டு அடி வைத்தாள். அடுத்த அடியில் ஆளைக் காணோம். அவள் கத்தவே இல்லையாம். தண்ணீர் மூடிக்கொண்டது.

அலறல் கேட்டு நான் ஓடினேன். அண்டா தனியாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் தண்ணீரில் இறங்கி, தொடையளவு வரை போனேன். என் காலடியில் மண் கரைந்து நழுவுவது தெரிந்தது. விளிம்பில் நிற்கிறேன் என்று புரிந்தது. ஒரு கை மேலே வந்தது. நான் நீட்டியிருந்தால் எட்டியிருக்குமோ என்னவோ. அடுத்த அடியை நான் வைக்கவில்லை. வைக்க முடியவில்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். வைக்கவில்லை என்பதுதான் சரி.

பேட்டரியில் ஓடிய மைக் செட்டைக் கழற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் தம்பி என்னைத் தள்ளிக்கொண்டு போனார். அண்டாவின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மிதந்து போய், அதை விட்டுவிட்டு உள்ளே முங்கினார். முதல் தடவை வெறுங்கையோடு வந்தார். மூச்சு வாங்கிவிட்டு மறுபடி போனார். இரண்டாவது தடவை கூந்தலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார். “கொம்பு குடுங்கப்பா! கொம்பு!” என்று அவர் கத்திய பிறகுதான் கரையில் நின்ற ஐம்பது பேருக்கும் உயிர் வந்தது. ஷாமியானாவின் சவுக்குக் கொம்பைப் பிடுங்கி நீட்டினார்கள்.

அவள் மூக்கிலும் வாயிலும் சேறு. முகம் நீலம். டீச்சர் ஒருத்தி மார்பை அழுத்திக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ் வரும் நேரத்தில் ஒரு இருமல் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். நுரையீரலில் சேற்றுத் தண்ணீர் போய் ஜுரம் இறங்கவே இல்லை. இரண்டாம் நாள் வராந்தாவில் அவள் கணவன் என்னிடம் வந்தான். கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றவில்லை.

“மேடம், அங்க பள்ளம் இருக்குதுன்னு யாருக்காவது தெரியுமா?”

“தெரியும்பா.”

“யாருக்கு?”

“எல்லாருக்கும். கயிறு கட்டியிருந்தோம். அத அவுத்தது நான்தான்.”

அவன் என்னைத் திட்டுவான் என்று நின்றேன். அவன் சுவரில் சாய்ந்துகொண்டான். “எங்களுக்கு மட்டும்தான் தெரியாதா?” என்றான்.

அவள் பிழைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் தண்ணீர்ச் சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நான் இரண்டு தடவை போனேன். கதவைத் திறந்து உட்காரச் சொல்லி, காபியும் கொடுத்தாள். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. தைக்கு முன்பே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள்.

அடுத்த கூட்டத்தில், பள்ளத்தை மூட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தண்ணீர் வற்றட்டும், கோடையில் மூடிவிடலாம் என்று முடிவானது. கோடை வந்தது. தாங்கல் வற்றியது, பள்ளத்தில் மட்டும் தண்ணீர் நின்றது. முதல் முறையாக எங்கள் நகரில் ஒரு போர்வெல்லும் அந்த வருடம் வறளவில்லை. வெயில் காலத்தில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கவில்லை. என் வீட்டிலும் குழாயைத் திறந்தால் கொட்டியது.

“இப்ப போய் எப்படிம்மா மூடறது? ஜனங்க ஒத்துக்க மாட்டாங்க” என்றார் தலைவர். கூட்டத்தில் கேட்டேன். கை தூக்கியவர்கள் மூன்று பேர். காலனிக்காரர்களாவது மூடச் சொல்வார்களா என்று கேட்டுப் பார்த்தோம். அவர்களுடைய கைப்பம்பிலும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அனுமதி இல்லாமல் தோண்டியது யார் என்று முதலில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். என் பெயரையே எழுதிக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. செயலாளர் வேலையை விட்டுவிட்டேன்.

கம்பி வேலி போட்டார்கள். ஒரு மழைக்காலத்துக்குள் பாதிக் கம்பியைக் காணோம். ஞாயிற்றுக்கிழமைச் சுத்தம், பிள்ளையார், தளிகை எல்லாம் வழக்கம்போல நடக்கின்றன. எங்கள் நகரில் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பேர் வாங்கிவிட்டதால் மனை விலை ஏறி, புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. யார் குடிவந்தாலும் நான் போய் ஒருதடவை சொல்லிவிட்டு வருகிறேன். பலர் சிரிக்கிறார்கள். “ஏரிக்கு நாங்க ஏங்க போகப்போறோம்?” என்கிறார்கள். அவளும் போகவேண்டும் என்று நினைத்து வந்தவள் அல்ல.

போன மாதம் எலக்ட்ரீஷியன் தம்பி ஒரு நீளக் கொம்போடு இறங்கி விளிம்பைத் தேடினார். நான் கரையில் நின்றேன். முன்பு கட்டை அடித்த இடத்தில் கொம்பு அடியே தொடாமல் உள்ளே போனது. அவர் பின்னால் நகர்ந்து நகர்ந்து குத்திப் பார்த்தபடி, கிட்டத்தட்ட கரைக்கே வந்துவிட்டார்.

“மழைக்கு மழை மண்ணு சரிஞ்சுக்கினே வருதுக்கா” என்றார். “கொஞ்சம் பின்னால நில்லுங்க.”